கச்சான் காற்றில் பறக்கும் குடிநீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வறட்சி மாதங்களில் குழாய் நீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்த வேண்டாம் என்று தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கேட்டுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அது வேண்டுகோளாகவே நின்றுவிடுவதுதான் என் குறை. வைகாசி முதல் புரட்டாதி வரை, புல்தரைக்குக் குழாய் நீர் விடுவதையாவது திருகோணமலையில் ஒரு விதியாகவே தடுக்க வேண்டும்.

சென்ற வாரம் பிற்பகல் 2 மணியளவில் நகருக்குள் ஒரு தங்குவிடுதியைக் கடந்து செல்ல நேர்ந்தது. முன்வளவில் புல்லுக்கு நீர் தெளிக்கும் கருவி சுழன்றுகொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று அந்தத் தூறலில் பாதியை மதிலுக்கு மேலால் அள்ளிவந்து தார் வீதியில் கொட்ட, ஓரத்தில் தேங்கியதைக் கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. அந்த நீரால் விளைந்த உருப்படியான பயன் அது ஒன்றுதான்.

100 சதுர மீற்றர் புல்தரையில் 25 மில்லிமீற்றர் நீர் இறங்க 2,500 லீற்றர் வேண்டும். நம் வீட்டுக் கூரைகளில் இருக்கும் 1,000 லீற்றர் தாங்கியில் இரண்டரைத் தாங்கி. 2018 இல் கேப் டவுன் நகரம் வறண்டபோது ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரையறுத்தார்கள். அந்தக் கணக்கில் இது 50 பேரின் ஒரு நாள் நீர். நமக்கு அந்த நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து, சுத்திகரிக்கப்பட்டு, குளோரீன் கலக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் குழாய்வழி வருகிறது. அதே குளத்தை நம்பித்தான் அங்குள்ள விவசாயிகள் அதே மாதங்களில் சிறுபோக நெல் செய்கிறார்கள். கதிர் பால்பிடிக்கும் வேளையில் மடை வற்றி நிற்பவரிடம் போய் நம் முற்றத்துப் புல்லின் பசுமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

“எங்களுடையது கிணற்று நீர்தானே” என்பவர்கள் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடலோர மணலில் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஓர் அடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் வழங்கும் கணக்கு. மோட்டர் போட்டு அந்த ஓரடியை இறைத்துவிட்டால் உப்பு எவ்வளவு மேலேறும் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் கிணறு ஆவணியில் சவர்த்துவிடும். பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது. அயல் வளவில் புல்லுக்காக இரவெல்லாம் இறைத்தால் எங்கள் வாளியில்தான் முதலில் தெரியும். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறதை நாம் மறந்துவிடுகிறோம்.

புல் செத்துவிடும் என்ற பயமும் தேவையற்றது. அறுகு கச்சானில் பழுத்துக் காய்ந்ததுபோல் கிடந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும்; ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் தானாகத் தளிர்க்கும். விலை கொடுத்து வாங்கிப் பதித்த புல்லுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் அது இந்த ஊருக்கான புல்லல்ல.

தடை வந்தால் தென்னை, முருங்கை, கறிவேப்பிலைக்கு அது பொருந்தக்கூடாது. காலை 7 மணிக்கு முன் வாளியால் ஊற்றுவதற்கும், அரிசி கழுவிய நீரை விடுவதற்கும், தென்னையைச் சுற்றிப் பொச்சு மட்டை புதைப்பதற்கும் எவரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. தண்டம் எழுதுவதானால் விடுதிகளிலும் அரச விடுதி வளவுகளிலும் தொடங்கட்டும். வாளியோடு நிற்கும் வீட்டுக்காரர்களிடம் அல்ல. வீதியோரக் கசிவுகளை முறையிட்ட அன்றே அடைக்காமல் எங்களிடம் சிக்கனம் கேட்பது எடுபடாது என்பதையும் அதிகாரிகள் மனதிற்கொள்ள வேண்டும்.

எந்த மாதங்கள், எந்த நேரம், எதற்குத் தடை, எதற்கு இல்லை என்பதை அடுத்த சித்திரை மாத நீர்ப் பட்டியலின் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பிக்குமாறு உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.