ரத்தம் எடுத்த நேரம்: பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், விடிந்தும் விடியாமலும் வீடுவீடாக வந்து ரத்தம் எடுக்கும் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அம்மாவுக்கு 71 வயது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை. நரம்பு பிடிபடாமல் இரண்டு இடத்தில் குத்தி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, ஒருவழியாகக் குழாய்கள் நிரம்பின. வந்த தம்பி தங்கமானவர். சர்க்கரைக்கான சாம்பல் மூடிக் குழாய் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, வேறொரு குழாயில் எடுத்துக்கொண்டார். "இன்னும் பதினோரு வீடு பாக்கி, பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தோள்பையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மாலையில் கைபேசிக்கு அறிக்கை வந்தது. பொட்டாசியம் 6.4 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. எங்கள் மருத்துவரைக் கூப்பிட்டேன். இந்த அளவில் இதயத்துடிப்பு எந்நேரமும் தடுமாறலாம், விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. வாடகைக் கார் பிடித்து, அம்மாவைப் பின்னிருக்கையில் சாய்த்துப் படுக்க வைத்து, நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை. இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. அங்கே புதிதாக எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3.

இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில் ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு?" அறிக்கையைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் 11.42. பதிவு செய்த நேரமும் 11.42.

இந்த மடல் அந்த 11.42 பற்றியதுதான்.

நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உடலின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே ரத்த நீரில் இருப்பது கொஞ்சம். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும், அளவு எகிறும். நரம்பு கிடைக்காமல் குத்தித் துழாவினாலும், கைமுட்டியை மூடித் திறக்கச் சொன்னாலும், பிரிக்காத ரத்தத்தை ஐந்து மணி நேரம் மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு போனாலும் எண் பொய்யாக ஏறும். அணுக்கள் உடைந்த மாதிரியைச் சுழற்றினால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய மேல்நீர் சிவந்து காட்டும். கண்ணால் பார்த்தாலே தெரியும். 'அணுக்கள் உடைந்த மாதிரி, மீண்டும் ரத்தம் தேவை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இரவு எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

பயம் காட்டிய எண்ணாவது அன்றிரவே பொய் என்று தெரிந்துவிட்டது. மகிழ்ச்சி கொடுத்த எண்தான் மோசம். அதே அறிக்கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாயசம் கேட்டார். ஆனால் இரண்டு வரி தள்ளி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.1 என்று நிற்கிறது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் பட்டினி கிடப்பதில்லை. அங்கிருக்கும் குளுக்கோஸை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுகொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு. அந்தக் குழாயும் இல்லாமல், ஐந்து மணி நேரமும் கழிந்தால், 130 என்பது 98 ஆகிவிட எந்த மந்திரமும் தேவையில்லை.

எச்.பி.ஏ.1.சி.யும் தவறே செய்யாதது அல்ல. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்பதை வைத்துத்தான் அந்தச் சராசரி. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவருக்கு அது கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தம் இழந்தவருக்குக் குறைத்துக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும்போது, எச்.பி.ஏ.1.சி.க்குப் பக்கத்திலேயே ஹீமோகுளோபினையும் அச்சிட்டால் என்ன? என் அம்மாவுக்கு அது 12.4. ஆகவே சோகையின் மேல் பழி போட வழியில்லை.

இன்னொன்று கேட்கிறேன். அம்பு போட்டுக் காட்டும் உங்கள் கணினி, அம்பு போடாத இடங்களில் எதை மறைக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினை எங்கள் ஊரில் யாரும் கிரியேட்டினின் என்பதில்லை, 'உப்பு' என்போம். அம்மாவின் உப்பு நான்கு ஆண்டுகளுக்கு முன் 0.7. பிறகு 0.8, 0.9. இப்போது 1.1. நான்கும் உங்கள் நிலையத்து எல்லைக்குள்தான். நான்கு அறிக்கையிலும் அம்பு இல்லை. நாங்களும் 'உப்பு நார்மல்' என்று நிம்மதியாக இருந்தோம். நான்கு தாள்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அதே இரவுப் பணி மருத்துவர்தான். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் சுமார் 95இலிருந்து 54க்கு இறங்கியிருக்கிறது என்றார். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அம்மா மூட்டுவலிக்குத் தானாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரை அன்றோடு நின்றது. சர்க்கரை மாத்திரையிலும் ஒன்று மாறியது.

அந்த நான்கு எண்ணும் ஒரே நிலையத்தின் கணினியில், ஒரே பதிவு எண்ணின் கீழ் இருந்தவை. பழைய அளவைப் புதிய அளவுக்குப் பக்கத்தில் அச்சிட ஒரு பைசா செலவில்லை.

அதற்கு இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆடித் தள்ளுபடியில் எழுபது பரிசோதனை என்று துண்டறிக்கை அடிக்க இடம் இருக்கிறதே! இயல்பு எல்லை என்பதே நலமாக இருப்பவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்கும்படி போட்ட கோடு. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நோயே இல்லாத ஒருவருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றிலாவது அம்பு விழ 64 சதவீதம் வாய்ப்பு. எழுபது செய்தால் அம்பு விழாமல் தப்புவதுதான் அதிசயம். அதற்குள் சி.ஏ.125 என்ற புற்றுநோய்க் குறியீட்டையும் 'இலவசமாக'ச் சேர்க்கிறீர்கள். மாதவிடாய் நாட்களிலும் அது உயரும் என்பதை யார் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது? அவருடைய ஒரு மாதத் தூக்கத்துக்கு எந்தத் தள்ளுபடி?

அந்த எழுபதில் ஐம்பதை விட்டுவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குச் சில கருவிகளில் தைராய்டு அளவு தலைகீழாக வரலாம். இல்லாத தைராய்டு மிகைச்சுரப்பு இருப்பதுபோல் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்க ஊசி தேவையில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. தெருவுக்கு மூன்று நிலையங்கள். விலையைக் குறைக்காவிட்டால் ஆள் வராது. என்.ஏ.பி.எல். தரச்சான்று வாங்கப் பணமும் ஆளும் வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே தம்பியை அனுப்புவது ஆசைப்பட்டு அல்ல என்பதும் புரிகிறது. ஆனால் நான் கேட்பது புதிய கருவி அல்ல. ஊசி இறங்கிய நேரத்தை ஊசி போட்டவரே குழாயில் எழுதட்டும். மாதிரி வந்து சேர்ந்த நேரத்தை வாங்குபவர் எழுதட்டும். இரண்டும் அறிக்கையில் உள்ளபடியே வரட்டும். இடைவெளி அதிகமானால் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் அச்சிடாமல், மீண்டும் ரத்தம் எடுங்கள். இரண்டாவது முறை குத்தினால் அம்மா கோபப்படுவார்தான். சமாளித்துக்கொள்கிறேன்.

அடுத்த பரிசோதனை வரும் மாதம். அதே தம்பி ஆறரைக்கு வருவார். நீரில் அழியாத பேனா ஒன்றை வாங்கித் திண்ணை மாடத்தில் வைத்திருக்கிறேன். குழாயின் மேல் நேரத்தை நானே எழுதித் தருவேன். அதன் மேல் உங்கள் பட்டைக்குறியீட்டுத் தாளை ஒட்டி மறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
71 வயதுத் தாயின் மகன்