மேடையில் எங்கள் முதுகு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க முடியவில்லை, போட்டோக்காரர்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று நாகர்கோவில் வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அந்த முதுகுகளில் ஒன்று என்னுடையது. 1991-ல் தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்தேன், இன்றைக்கும் இதே தொழில்தான். வாசகர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்போது ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம். பார்த்து மாட்டினால் கூடுதலாக ஒன்றோ இரண்டோ கிடைக்கும். ஐந்து ரோல் என்று பேசியிருந்தால் காலையில் பெண் அலங்காரம் தொடங்கி பந்தி முடியும்வரை அதற்குள் அடக்க வேண்டும். அதனால் மேடையைச் சுற்றி ஓட மாட்டோம். ஒரு இடம் பிடித்து, நேரம் வரட்டும் என்று காத்திருப்போம். அன்றும் தப்பு நடக்காமல் இல்லை. 1996-ல் சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், என் ஃபிளாஷ் இன்னும் சார்ஜ் ஏறவில்லை. "ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க" என்றேன். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் கொட்டுகிறது, தாலி அந்தரத்தில் நிற்கிறது. பெண்ணின் தாத்தா எழுந்து, "முகூர்த்தம் ஒனக்க பேட்டரிக்கு வேண்டி நிக்குமாடே?" என்று சபை நடுவில் கேட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் நிறுத்தியதில்லை.

இன்று ரோல் கணக்கு கிடையாது. ஒரு கல்யாணத்தில் நாலாயிரம் படம் சர்வசாதாரணம். எடுப்பதற்குச் செலவு இல்லை என்றானதும் நிதானமும் போய்விட்டது. இரண்டு போட்டோ, இரண்டு வீடியோ, போஸ் கொடுக்காதபோது எடுக்கிற கேண்டிட் ஆள் ஒருவர், லைட் பிடிக்க இரண்டு பேர் என்று ஏழு பேர் மணவறையைச் சுற்றி நின்றால் முன்வரிசையில் இருக்கும் பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? "சரியா விழல, இன்னொரு தடவை கையை வையுங்க" என்று தாலி கட்டியபின் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. இங்கே அதே போட்டோக்காரர் சர்ச்சிலும் எடுப்பார், ஆடிட்டோரியத்திலும் எடுப்பார். சர்ச்சில் இதைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பீடத்துப் படியில் கேமராவோடு ஏறினால் ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார், அந்தப் பார்வை போதும். நாங்களும் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸைப் போட்டு ஓரமாக நின்று எடுத்துவிடுகிறோம். படம் குறைந்துவிட்டது என்று எந்த வீட்டாரும் என்னிடம் சொன்னதில்லை. திங்கட்கிழமை மார்த்தாண்டத்தில் இப்படி ஒழுங்காக நிற்கிறவன்தான் புதன்கிழமை வடசேரியில் ஐயரின் தோளுக்கு மேல் கையை நீட்டுகிறான்.

தாலி ஏறும்போது பெண் தலை குனிந்திருப்பாள். நின்றுகொண்டு எடுத்தால் நெற்றிச்சுட்டியும் தலைப்பூவும்தான் விழும். மணவறைக்கு ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தால்தான் முகம் கிடைக்கும். சபைக்கும் மறைக்காது. தொழிலுக்கு நல்லதும் சபைக்கு நல்லதும் இதில் ஒன்றாகவே இருக்கிறது. எனக்கே வயதாகி, முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகுதான் இது உறைத்தது என்பது வேறு விஷயம்.

ஆடிட்டோரியம் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் ஒரு அரைமணி நேரமாவது அந்த ஊதா லைட்டை அணைத்துவிட்டு வெள்ளை லைட்டைப் போடுங்கள். மஞ்சள் பூசிய முகம் படத்தில் நாவற்பழ நிறத்தில் வருகிறது. கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்யப் போனால் தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூ பச்சையாகிவிடுகிறது.

வீட்டார் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. "பந்திப் படமெல்லாம் வேண்டாம், அவுட்டோர் நல்லா வரணும்" என்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்களோடு வட்டக்கோட்டைக்கோ முட்டத்துக்கோ வந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஆடிட்டோரியத்தில் போளியைப் பாயசத்தில் பிசைந்துகொண்டு, பத்து வருஷப் பகையை மறந்து பேசிக்கொண்டிருப்பவர்களை எடுக்க ஆள் இல்லை.

2015-ல் தூத்தூர் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. டிசம்பரில் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார்கள். அந்தக் கல்யாண வீட்டுக்கு அவர்கள் பக்கத்து வீடு. கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. வீட்டில் இருப்பது ஆதார் கார்டில் உள்ள படம் மட்டும்தான், "அது அவன் மாதிரியே இல்ல" என்றார்கள். ஹார்ட் டிஸ்கைப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினோம். மேடைப் படங்கள் எதிலும் பையன் இல்லை. பந்தியில் இருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, குழம்பு வாளியோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறான். வீட்டார் ஆல்பத்துக்கு வேண்டாம் என்று கழித்த படம் அது. முகத்தை மட்டும் வெட்டி எடுக்கட்டுமா என்று கேட்டேன். வாளியும் இருக்கட்டும் என்றார்கள்.

அதனால் நான் இப்போது பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: முகூர்த்தத்துக்கு மணவறைப் பக்கம் நானும் ஒரு வீடியோக்காரரும் மட்டும். மற்ற பையன்கள் கீழே, சபையிலும் பந்தியிலும். இதைக் கேட்டு வேறு ஆளைப் பார்த்துப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

வரும் ஆவணியில் எனக்கு நான்கு முகூர்த்தம் இருக்கிறது. கடிதம் எழுதிய வாசகர் அதில் எதற்காவது அழைப்பு வந்து வந்தால், தயங்காமல் முன்வரிசையிலேயே உட்காரலாம்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணப் போட்டோக்காரர், தக்கலை
(வாடிக்கையாளர்கள் தங்களைச் சொன்னதாக நினைக்கக்கூடும், பெயர் போட வேண்டாம்.)