கோட்டின் மேல் ஒரு சின்னக் கீறல்

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

அம்மாவின் ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்த சேதி இதற்குள் உங்களுக்கு எட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு, "எல்லாருக்கும் எழுதிப் போடு" என்றார். கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இருட்டோடு எழுந்து பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டிக் கூட்டிப்போன அண்ணன்மார், ராத்திரியெல்லாம் முகம் சுளிக்காத தாதியர், கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள்: உங்கள் யாரையும் நாங்கள் மறக்கமாட்டோம்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் டாக்டர் இல்லை. அம்மா சேர்ந்த மருந்து ஆய்வுக்குக் கணக்குப் பார்க்கும் புள்ளியியலாளர்.

வாய்ப்புண் தாங்க முடியாமல் போனபோது அந்த ஆய்வு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "இத்தனை பேர் கூடி நடத்துற ஆராய்ச்சி, என்னால கெட்டுப்போச்சே" என்று அழுதார். டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அம்மாவிடம் சம்மதம் கேட்டுவிட்டு ஒரு போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் கேண்டீனுக்கு ஒரு பெண் வந்தார். அவர்தான் அந்தப் புள்ளியியலாளர். "அம்மா, பசியாறிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மைலோ வாங்கிய ரசீதைத் திருப்பி, படிக்கட்டு மாதிரி இறங்கும் ஒரு கோடு போட்டார். யாருக்காவது நோய் திரும்பினால் கோடு ஒரு படி இறங்குமாம். கணக்கை முடிக்கும் நாளில் நோய் திரும்பாமல் இருப்பவர்களுக்கு, இறங்காத இடத்தில் சின்னதாக ஒரு கீறல். "மாத்திரைய விட்டாலும் உங்க குழுவிலேர்ந்து உங்கள எடுக்கமாட்டோம். கஷ்டப்பட்டு நிறுத்தினவங்கள விட்டுட்டுப் பார்த்தா, மருந்து உள்ளதவிட நல்லதா தெரியும். பரிசோதனைக்கு மட்டும் வந்துக்கிட்டே இருங்க, போதும்."

அம்மா யோசித்தார். அவர் சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே கணக்கு எழுதுபவரைக் கிராணி என்பார்கள். "பாதி மர நிரையில மேலுக்கு முடியாம வந்துட்டாலும், வாளியில உள்ள பால எடை போட்டுத்தானே கிராணி எழுதுவாரு?" என்றார். "அதேதாம்மா" என்று அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்தப் பெண் சொன்ன இன்னொன்றும் மனசை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் எமில் ஃப்ரைரைக் என்ற டாக்டரும் எட்மண்ட் கெஹன் என்ற புள்ளியியலாளரும் மற்றவர்களோடு சேர்ந்து 1963-இல் வெளியிட்ட ஆய்வு அது. ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் 42 பேர், பெரும்பாலும் குழந்தைகள். இரண்டிரண்டு பேராக 21 ஜோடி. ஜோடியில் ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. தேவைக்கு மேல் ஒரு குழந்தைகூட வெற்று மாத்திரையில் இருக்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு ஜோடியின் முடிவையும் வர வரப் பார்த்து, பதில் தெளிவானதும் நிறுத்தும்படி முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தார்கள். மருந்து எடுத்த 21 பேரில் 12 பேருக்குக் கணக்கு முடியும்வரை நோய் திரும்பவில்லை. ரசீதில் போட்ட கீறலைப் போலவே, பட்டியலில் அந்த 12 எண்களுக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி இருக்குமாம்.

கணக்கு என்பது கடைசியில் வந்து கூட்டிக் கழிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா சேர்ந்த ஆய்விலும் முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே டாக்டரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து, எத்தனை பேர் வேண்டும், இடையில் எப்போது முடிவை எட்டிப் பார்ப்பது, எந்த நிலையில் நிறுத்துவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். அம்மாவைப் போல ஒருத்தி பாதியில் நிறுத்தக்கூடும் என்பதையும் அப்போதே யோசித்து வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருத்திக்காக. அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"எங்களுக்கு நம்பர்தாம்மா வரும், முகம் வராது" என்றார் கிளம்பும்போது. சரி, அம்மாவின் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

அந்த ரசீது அடையாள அட்டையோடு அம்மாவின் பர்ஸில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது, கோடு தெரிகிறது. ஒரு பரிசோதனையையும் தவறவிடமாட்டோம். நானே கூட்டி வருவேன். அடுத்த முறை பசியாற வெளியே எதுவும் வாங்க வேண்டாம் டாக்டர். உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா இட்லி அவித்து எடுத்து வருகிறார்.