வீடியோ போடும் முன் விண்ணப்பம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும், தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். என் மனைவியின் கையும் அப்படித்தான். காலால் மிதிக்கும் கட்டிங் மிஷினில் கொட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரிங் தாங்கியை என் லேத் பட்டறையில் செய்தேன். மூன்று தரம் உடைந்தது, நாலாவது தரம் நின்றது.

சந்தோஷத்தில் மகன் அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். எட்டு மாதம் கழித்து வேறொரு பட்டறையில் அதே தாங்கி, வளைவு கூட மாறாமல் விற்பனைக்கு இருந்தது. அப்புறம்தான் பேட்டன்ட் வாங்க ஓடினேன்; நாம் கண்டுபிடித்ததை மற்றவர் செய்து விற்காமல் தடுக்கும் காப்புரிமைதான் அது. விவரம் தெரிந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "இதை வெளியில் காட்டிவிட்டீர்களா?" என்பதுதான். வீடியோவைக் காட்டினேன். "அப்படியென்றால் இது புதுசு இல்லை" என்று சொல்லிவிட்டார். நாங்களே போட்ட வீடியோதான் எங்களுக்குக் குறுக்கே நிற்கிறது.

மனதில் தோன்றிய வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. எப்படிச் செய்வது என்று எழுதிக் காட்ட வேண்டும். அது எங்கும் வெளிவராத புதிதாகவும், அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருக்க வேண்டும். வேலை முழுதாக முடியாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் போட்டு, அந்த நாளையே நம் விண்ணப்பத் தேதியாகப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் தந்தால் போதும். தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசோதிக்கக் கோர 4,000 ரூபாய் தனி. ஏஜென்ட் வைத்தால் அவர் கூலி வேறு. கிடைத்துவிட்டால், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை நமக்கு. இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் 1,600 ரூபாயைக் கடன் வாங்கியாவது கட்டியிருப்பேன்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். அங்கே ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டும். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த பட்டறைக்காரன் என்ன செய்வான்? மாவட்டத் தொழில் மையம் மாதம் ஒரு நாளாவது பண்ருட்டியில் உட்கார்ந்து, விண்ணப்பம் எழுத உதவ வேண்டும். தமிழிலும் விண்ணப்பிக்க மத்திய அரசு வழி செய்ய வேண்டும்.

சின்னக் கொட்டை நழுவாமலிருக்க இப்போது தாங்கியில் இன்னொரு மாற்றம் செய்துகொண்டிருக்கிறேன். படம் வரைந்த நோட்டு பீரோவில் இருக்கிறது. விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை செல்போனை எடுக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்.