டெல்டா அரிசி மில் மொதலாளிங்களுக்கு, ஒரு பழைய கணக்குப்பிள்ளை

வணக்கம் மொதலாளி. மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ்மில்லுல 8 வருஷம் டேலி போட்டவன் நான், இப்ப திருச்சியில இருக்கேன். ஒருத்தருக்கு மட்டும் எழுதல, உங்க எல்லாருக்கும்தான்.

ஜூன் 12 மேட்டூர் தெறந்த வாரம் வேலைய விடறேன்னு லெட்டர் குடுத்தேன், ஒரு மாசம் டைம்னு தேதியெல்லாம் போட்டு. எங்க மொதலாளி படிக்கவே இல்ல, நாலா மடிச்சு மேஜைக் கண்ணாடிக்கு அடியில சாமி படத்து பக்கத்துல சொருகிட்டு, பையன விட்டு காபி வாங்கியாரச் சொன்னாரு. "தம்பி, இப்பதான் தண்ணி வந்துருக்கு, புரட்டாசில குறுவ நெல்லு வந்து எறங்கும், அது முடியட்டும்"னாரு. இதுக்கு முந்தி ஒருதடவ கேட்டப்ப தை முடியட்டும்னாரு. இந்த ஊர்ல நெல்லு என்னிக்குங்க முடிஞ்சிருக்கு?

காபி ஆறுறதுக்குள்ள அடுத்தது, 16,000 வாங்குறவனுக்கு 23,000 தர்றேன்னாரு. திருச்சியில சொன்னது 22,000தான், ஆயிரம் ரூபா கூட. ஐடி பசங்க இத கவுண்டர் ஆஃபர்ம்பாங்க. சத்தியமா ஆசையாத்தான் இருந்துச்சு, வீட்டுலயும் இருந்துடுன்னாங்க. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல, மூணு தீபாவளியா ஆயிரம் ஏத்துங்கன்னு கேட்டப்ப உமி வெல கூட எறங்கிருச்சுன்னு சொன்ன மனுசன்கிட்ட ஒரே காபியில ஏழாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு? கணக்கு எழுதுனவன் நான், பணம் இருந்தது எனக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் வேணாங்க, நான் கெளம்புறேன்னேன். அப்ப மாறுச்சு பேச்சு. உன் கல்யாணத்துக்கு மூட்ட மூட்டையா அரிசி அனுப்புனேனேன்னாரு (அனுப்புனாருதான், இல்லேங்கல). சேரும்போது வாங்கி வச்ச ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்ட அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு.

அத மட்டும் செய்யாதீங்க மொதலாளி. அட்வான்ஸ் பாக்கி இருந்தா கடைசி சம்பளத்துல புடிச்சுக்கங்க, சர்டிபிகேட் என்ன அடகு நகையா? வேலைய விட்டு போறப்ப தர்ற கிராஜுவிட்டி பணத்த வேற "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு"ங்கறீங்க. பத்து பேர் வேல பாத்தாலே உண்டு, 5 வருஷம் முடிச்சிருக்கணும் அவ்ளோதான். கடைசி மாச சம்பளத்த 26ஆல வகுத்து, 15 நாளுக்குப் பெருக்கி, அத எத்தன வருஷமோ அத்தனையால பெருக்கணும். எங்க மில்லுல பேசிக், டிஏன்னு பிரிக்கற பழக்கமே கெடையாது, 16,000 மொத்தமும் சம்பளந்தான், எனக்கு 73,846 வருது. பிஎஃப்ல வெளியேறுன தேதிய நீங்க போடலன்னா கடைசியா பணம் கட்டுன மாசத்துலேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு நாங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம், நான் போட்டுட்டேன்.

புதுப் பையனுக்கு ஒரு மாசமும் கூடவே உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தேன், இன்னும் ஜிஎஸ்டி சந்தேகம்னா எனக்குத்தான் போன் பண்றான், சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். எங்க மொதலாளி இதப் படிச்சா, பீரோவுல ரெண்டாவது தட்டு, பச்ச ஃபைலு, அந்தப் பையன்கிட்டயே குடுத்துவிடுங்க, ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறேன்.