சட்டம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

அட்மிஷன் முடிந்து, ஹாஸ்டலில் அறை கிடைத்து, வெள்ளைச் சட்டையும் தைக்கக் கொடுத்திருப்பீர்கள். நோட்டீஸ் போர்டில் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் மன்றத்தின் அறிவிப்பையும் பார்த்திருப்பீர்கள். சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு" என்று நகர்ந்து போனவர்களுக்குத்தான் முதலில் இந்த மடல். மற்றவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்.

நான் அதே மன்றத்தில் ஐந்து வருடம் இருந்தவன். இன்று ஒரு தாலுகா நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் சட்டம் படித்தவர் எனக்கு முன்னால் யாரும் இல்லை. கோர்ட்டோடு எங்களுக்கு இருந்த ஒரே உறவு என் தாத்தா பெயருக்கு வந்த ஒரு சம்மன். கிணற்றுப் பாத்தியம் பற்றிய வழக்கு. அதை வாங்கி, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். எந்தத் தேதிக்கு எங்கே போக வேண்டும் என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. வாய்தாவுக்குப் போகவில்லை, எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் வராமலே எதிராகத் தீர்ப்பு, ஆகிவிட்டது. முப்பது நாளுக்குள் அதை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கலாம் என்பதை, அவர் இறந்து பல வருடம் கழித்து, சிவில் நடைமுறைச் சட்ட வகுப்பில்தான் நான் தெரிந்துகொண்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு காகிதம் வீட்டில் இருக்கும். நம் மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்தில் கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்து வருடப் படிப்பில் சேர முடிவதால், கோர்ட் வாசலையே பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அது இந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய பலம் என்று நம்புகிறேன். அந்தப் பலத்தை நீங்களே குறையாக நினைத்துக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மன்றத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். மூட் கோர்ட் நடக்கும், விவாதம் நடக்கும், சட்ட உதவி முகாமுக்குக் கூட்டிப் போவார்கள். மூட் கோர்ட் என்றால் ஒரு வழக்கின் கதையைக் கையில் கொடுத்து, இரு தரப்பாகப் பிரித்து, நீதிபதி போல ஒருவரை உட்கார வைத்து வாதாடச் சொல்வது. பெரும்பாலும் அணிக்கு இரண்டு பேர் பேசுவார்கள், ஒருவர் ஆராய்ச்சி செய்து கொடுப்பார். பேசக் கூச்சமாக இருந்தால் அந்த மூன்றாவது ஆளாகச் சேருங்கள். மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதத் தெரிந்தவனுக்குப் பேச்சு தானாக வரும்.

எனக்குக் கிடைத்த முதல் மூட் பற்றிச் சொல்ல வேண்டும். சீனியர் ஒருவர் பழைய வழக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்: செண்பகம் துரைராசன் எதிர் சென்னை மாகாணம். அரசமைப்புச் சட்ட வகுப்பில் கூடிய சீக்கிரம் இது உங்களுக்கும் வரும். அதே வரிசையில் ஏ. கே. கோபாலன் வழக்கும் ரொமேஷ் தாப்பர் வழக்கும் வரும். மூன்றிலும் எதிர்த்தரப்பு சென்னை மாகாணம்தான். குடியரசான ஒன்றேகால் வருடத்துக்குள் அடிப்படை உரிமைகளின் பெரிய கேள்விகள் நம் மண்ணிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன என்பதை யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

செண்பகம் வழக்கின் விஷயம் வகுப்புவாரி அரசாணை. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஒதுக்கியது அது. எனக்குக் கொடுத்தது செண்பகம் தரப்பு. இட ஒதுக்கீட்டில் சீட் வாங்கி வந்தவன் நான், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று வாதாட வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். சீனியர் கோபப்படவில்லை. "எதிராளி என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியலைன்னா, உன் வழக்கே உனக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தீர்ப்பு நகலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்தேன். அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால்தான் வழக்குப் போட்டார் என்பது அதில்தான் தெரிந்தது. அரசமைப்புச் சட்டத்தில் அரசு வேலைவாய்ப்புக்குக் கூறு 16(4) என்று ஒரு விலக்கு இருக்கிறது, கல்வி நிலையச் சேர்க்கையைப் பேசும் கூறு 29இல் அப்படி ஒன்று இல்லை, இல்லாததற்கு அர்த்தம் உண்டு என்று நீதிமன்றம் சொன்ன இடமும் பிடிபட்டது. அரசு 46ஆவது கூற்றைக் காட்டியது எடுபடவில்லை. வழிகாட்டு நெறி அடிப்படை உரிமைக்கு மேலே போக முடியாது என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் சொன்னபடி வாதாடினேன். அடுத்த வாரம் தரப்பை மாற்றி, அரசுக்காகவும் வாதாடச் சொன்னார் சீனியர்.

அதற்கப்புறம்தான் அரசமைப்பின் முதல் சட்டத்திருத்தம் புரிந்தது. தீர்ப்பு வந்தது 1951 ஏப்ரல் 9. தமிழ்நாட்டில் கிளம்பிய போராட்டம் தில்லி வரை எட்டி, ஜூன் 18இல், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் கூறு 15(4) நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பு எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டியதோ, அந்த இடத்தில் வைத்துத் தைத்த ஒட்டு அது. எதிர்த்தரப்பை மனதார வாதாடிப் பார்க்காமல் இருந்திருந்தால், நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு எப்படி வந்தது என்பது எனக்கு ஒரு கோஷமாக மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இனி, எனக்கு இன்றும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம். இரண்டாம் வருடம், மன்றத்தின் சட்ட விழிப்புணர்வு முகாம். ஒரு கிராமத்துக் கோயில் மண்டபம். மைக்கைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினேன். இலவச சட்ட உதவி பற்றிய கூறு 39அ, அதைக் கொண்டுவந்த 1976இன் 42ஆவது திருத்தம், 1987இன் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 1995 நவம்பர் 9 என்று எதையும் விடவில்லை. கை தட்டினார்கள். இறங்கி வந்ததும் ஒரு பாட்டி மஞ்சப்பையோடு பக்கத்தில் வந்தது. "தம்பி, எம் புருசன் செத்ததுக்கு ஏதாச்சும் சீட்டு வாங்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியே புரியவில்லை என்பதுதான் சரி.

இறுதியாண்டு அக்கா ஒருவர் பாட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். ரேஷன் கார்டு, கசங்கிய கணினிச் சிட்டா, வங்கிப் புத்தகம். பட்டா இன்னும் புருசன் பெயரிலேயே இருந்தது. மாற்றக் கேட்டதற்கு வாரிசுச் சான்று கொண்டு வா என்றிருக்கிறார்கள். வாரிசுச் சான்று கேட்டதற்கு இறப்புச் சான்று கேட்டிருக்கிறார்கள். இறப்பைப் பதியவே இல்லை. "எந்த வருசம் பாட்டி?" என்றார் அக்கா. "பெரியவ மகளுக்குக் காது குத்தின வருசம்." காது குத்தின பிள்ளைக்கு இப்போது என்ன வயது, என்ன வகுப்பு படிக்கிறது என்று கேட்டுக் கேட்டு வருடத்தைப் பிடித்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அன்றைய நடைமுறைப்படி நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும் என்று விளக்கி, மனுவை அங்கேயே கையால் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானே எழுதியிருக்கேன்?" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வாங்கினார்.

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது. "பாட்டி, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்கவே மாட்டாங்க, வக்கீலை இலவசமாவே வச்சுத் தருவாங்க." அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் வருமான வரம்பு இல்லை. நாற்பது நிமிடம் அதே சட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். அந்த மண்டபத்தில் பாதிக்கு மேல் பெண்கள். இந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. 15100 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்து சட்ட உதவி கேட்கலாம் என்பதை இன்று எந்த முகாமுக்குப் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

மொழிக்கு வருகிறேன். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். கூறு 348 அப்படி. தமிழையும் வைக்கச் சொல்லி 2006இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டும் இன்னும் கைகூடவில்லை. ஆகவே ஆங்கிலத்தை விடாமல் படியுங்கள், அதில் சமாதானமே கூடாது. ஆனால் நான் நிற்கும் தாலுகா கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது, பிராதும் எதிருரையும் தமிழில் வருகின்றன. கான்வென்டில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் "ஈடு", "பாத்தியம்", "நிறைவேற்று மனு" என்ற சொற்களில் தடுக்கி நிற்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் அந்தத் தமிழ் இருக்கிறது. அவர்களிடம் இந்த ஆங்கிலம் இருக்கிறது. ஒரே மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம், மன்றம் அந்த மேஜை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து அச்சுக்குக் கொடுத்தார். உயர் நீதிமன்றமே 1862இல்தான் வந்தது. அவ்வளவு பழைய வேலையை நாம் பாதியில் விட்டிருக்கிறோம்.

சீனியர்களைப் பார்த்துப் பயமா? இப்போது பயப்பட ஒன்றுமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்ற நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்ற மூன்று பெரிய சட்டங்களும் மாறிவிட்டன. கொலைக்குத் தண்டனை என்றால் எங்கள் வாயில் 302 என்றுதான் வருகிறது, நீங்கள் படிப்பது 103. நாங்கள் 420 என்போம், உங்களுக்கு 318. முதல் தகவல் அறிக்கை 154இலிருந்து 173க்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் நீங்கள் எங்களிடம் பழையதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் உங்களிடம் புதியதைக் கேட்டுக்கொள்கிறோம். இப்படி ஒரு சமநிலை என் காலத்தில் இருந்ததில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிமுகம் செய்துகொள்ளும்போது "எந்த ஊர்?" என்பார்கள். சொன்னதும் "ஊரில் எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லாதீர்கள், நீங்களும் யாரையும் கேட்காதீர்கள். 2008 நவம்பர் 12 அன்று சென்னையில் சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்கள் சாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்டதையும், போலீஸ் வேடிக்கை பார்த்து நின்றதையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தகராறின் நடுவில் இருந்தது ஒரு போஸ்டரில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடுபட்ட விவகாரம். விசாரணை ஆணையம் வந்தது. கல்லூரியே 2018இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் இடம் மாறியது. கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து, வகுப்பு முடிந்ததும் நடந்து போய் வாதம் கேட்கக் கூடிய அந்த வாய்ப்பு, பின்னால் வந்த எத்தனையோ ஏழை மாணவர்களுக்குப் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மன்றத்தின் இப்போதைய பொறுப்பாளர்களுக்கும் இரண்டு வார்த்தை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், வர முடியாது. மத்தியானத்துக்கு மாற்றுங்கள். பருவத்துக்கு ஒரு மூட் கோர்ட்டாவது முழுக்கத் தமிழில் நடத்துங்கள். பதிவுக் கட்டணம் என்று எதையும் வாங்காதீர்கள். வழக்கறிஞராகப் பதியவே சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர் பழங்குடியினர் என்றால் 125க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, மாணவனிடம் நாம் காசு கேட்பது சரியாக இருக்காது.

தம்பி, தங்கைகளே, முதல் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். வாரக் கடைசியில் ஊருக்குப் போனால் பீரோவையும் சாமி படத்துக்குப் பின்னாலும் பாருங்கள். பத்திரம், சிட்டா, நோட்டீஸ், பழைய தீர்ப்பு, எது கிடைத்தாலும் வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். வெளியே தெரியக் கூடாத விஷயம் என்றால் பெயரை மறைத்துவிடுங்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்போம். நான் தாத்தாவின் சம்மனைக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த பெஞ்சில் உட்கார்ந்த ஓர் அண்ணன்