வெயிலில் பிரியும் காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டதை அம்பாறை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். யூரியாவுக்கு வேண்டிய நைதரசனோ காற்றில் 78 வீதம் இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்தெடுக்க எரிபொருள் செலவாகிறது.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தினர் வேறு வழி தேடினார்கள். ஆடிகளால் குவித்த வெயிலில் உலோக ஒட்சைட்டுத் (உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை) துணிக்கைகளைச் சூடாக்கினால் அவை ஒட்சிசனை வெளிவிடும். ஆறிய பின் காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள ஒட்சிசனைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு நைதரசனை மிச்சம் வைக்கும். அதே துணிக்கைகளை மறுபடியும் சூடாக்கலாம்.

யூரியா செய்யத் தேவையான அமோனியாவுக்கு நைதரசனோடு ஐதரசனும் வேண்டும், மாரி முகிலில் இது சரிவராது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சிறுபோகத்து வெயில் வீணாகத்தானே போகிறது? ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுகூட அளவிலாவது செய்துபார்க்கட்டும். கூரையில் பொருத்தும் மின்தகடுகளோடு சூரியசக்தி முடிந்துவிட்டதாக நினைக்கும் அதிகாரிகளையும் அழைத்துக் காட்டலாம்.

வாசகர் ஒருவர்,
கல்முனை.